தழும்போடு நின்ற சிவப்பு

கை மாற்று அறுவை என்றாலே எல்லாரும் ஆபரேஷன் நடந்த அன்றைக் கதையைத்தான் கேட்கிறார்கள். எத்தனை டாக்டர்கள் நின்றார்கள், விரல் முதலில் எப்போது அசைந்தது, இறந்தவரின் குடும்பம் எப்படிச் சம்மதித்தது. பத்திரிகைக்காரர்களுக்கு அது போதும். நீங்கள் இந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள். அந்தக் கை உங்களிடம் வந்து சேரும்போது மாலை போட்டவர்களும் படம் எடுத்தவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நோயாளியும் அந்தக் கையும் நீங்களும்தான் மிச்சம். அதற்கப்புறம் வருஷக்கணக்கு.

ஜொகூர் பாருவில் கை சிகிச்சைப் பிரிவில் தெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்கு யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. எங்களுடையது இலங்கை வழிக் குடும்பம், அப்பாவும் சித்தப்பாக்களும் அரசாங்க உத்தியோகம், வீட்டில் தப்பைத் தப்பு என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு எத்தனையோ இடத்தில் வம்பை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்தது சரியா என்று நீங்களே உங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கோமதி பக்கத்து ஊரான மாசாயில் இருந்தாள். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வலது கை போனது, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். செயற்கைக் கை கொடுத்தார்கள். அதைக் கொக்கி என்றுதான் சொல்வாள், வீட்டில் அலமாரிக்கு மேல் போட்டுவிட்டாள். பிறகு இந்தியாவுக்குப் போய், விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் கையைப் பொருத்திக்கொண்டு வந்தாள். நிறம் அவளுடையதைவிட ஒரு பிடி கறுப்பு. கை சேர்ந்த இடத்தில் முன்கையைச் சுற்றி ஒரு தழும்பு.

முதல் வருஷம் அந்தக் கையில் உணர்வே கிடையாது. நரம்பு வளர்ந்து விரல் நுனிக்குப் போவது, பிடிக்காத மாமியார் வீட்டுக்கு மருமகள் போகிற வேகம்தான். கொதிக்கிற கெண்டியைத் தொட்டுவிட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் சூடு தெரிந்தது. அதற்கப்புறம் உள்ளங்கை வியர்த்தது. வியர்வையைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். ஒருநாள் தோசையை அந்தக் கையாலேயே பிய்த்துத் தின்றதாக வந்து சொன்னாள். தலை பின்ன மட்டும் கடைசி வரை வரவில்லை. பாடப்புத்தகத்தில் நல்ல பலன் என்று போட்டிருப்பது இதைத்தான்.

ஆனால் மாத்திரையை நிறுத்த முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் உடம்புக்கு அந்தக் கை வேற்றாள்தான். உள்ளே இருக்கும் காவல்காரனை மாத்திரை தூங்க வைத்திருக்கிறது. அவன் முழித்தால் முதலில் கடிப்பது தோலை. சிவக்கும், வீங்கும், அரிக்கும். அதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். உடனே பார்த்தால் அடக்கிவிடலாம். விட்டால் ரத்தக் குழாய்வரை போகும், கையை எடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று. கையைக் காப்பாற்றும் அதே மாத்திரைதான் கையை நடுங்க வைக்கும். எல்லாருக்கும் இல்லை, கோமதிக்கு இருந்தது. இரண்டு கையும் நடுங்கும், புதுக் கையில் கொஞ்சம் கூடுதலாக. என்னிடம் ஒருமுறை லேசாகச் சொன்னாள். டாக்டரிடம் சொல் என்றேன். அவரிடம் போனால் எல்லாம் ஓகே டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். நம் ஆட்களுக்கு டாக்டர் முன்னால் குறை சொல்வது மரியாதைக் குறைவு.

மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத் தட்டு மாற்றும்போது கோமதியின் கை நடுங்கி, தட்டிலிருந்த தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, தட்டு மாத்தும்போதே இப்படியா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு, கூடம் முழுக்கக் கேட்டது. இதைக் கோமதி அப்போது என்னிடம் சொல்லவில்லை. கல்யாண வேலை என்று அதற்கடுத்த தெரபிக்கும் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, மாசாயில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நலங்குக்குக் கூப்பிட்டிருந்தாள். லோரோங் சந்து முழுக்கக் கார், வாசலில் பந்தல், வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். மறுநாள் காலை கோயிலில் முகூர்த்தம். கோமதியே தட்டில் தேநீர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டு அசையவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துப் பூரித்தார்கள், நானும் பூரித்தேன்.

கோமதியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதாணி. சேகரின், அதாவது அவள் கணவனின், அக்கா மகள் முந்தின நாள் போட்டுவிட்டது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்பு மருதாணிக் கோன். தழும்பு வெளியே தெரியாமல் இருக்க அந்தப் பெண் கெட்டிக்காரத்தனமாக ஒரு கொடியைத் தழும்புக்கு மேலேயே இழுத்து, முழங்கை வரை இலை இலையாகப் போட்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோமதி அந்தக் கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அரிக்கிறதா என்றேன். மருதாணி ஒத்துக்கலை என்றாள். போட்டுவிட்ட பெண்ணும் ஓடிவந்து, எனக்கும்தான் ஆன்ட்டி என்று தன் கையைக் காட்டினாள். அவளுக்கு நிஜமாகவே தடித்துச் சிவந்திருந்தது. ஒரே கோன், இரண்டு பேருக்கும் அரிப்பு. கறுப்பு மருதாணியில் கலக்கும் சாயம் பல பேருக்கு ஒத்துக்கொள்ளாது, அதுவும் எனக்குத் தெரியும். அப்பாடா என்று தே குடித்தேன். கையில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்போதுதான் நாம் பார்ப்பதை நிறுத்துகிறோம். இதை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டாலும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தம்ளரை வாங்கிக்கொண்டு போகக் கோமதி குனிந்தபோது அவள் வளையல்கள் விலகின. கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். அந்தப் பெண்ணின் கையில் சிவப்பு கோலத்தின் மேலேயே ஓடியது. இலை இருக்கும் இடத்தில் இலை போலவே தடிப்பு, இலைகளுக்கு நடுவில் தோல் சுத்தம். கோமதியின் கையில் அப்படி இல்லை. கோடுகளுக்கு நடுவிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு, புறங்கை உப்பி, மோதிரம் விரலில் இறுகியிருந்தது. விரலால் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். கொடி தழும்பைத் தாண்டி முழங்கைக்குப் போகிறது. சிவப்பு தழும்போடு நின்றுவிட்டது. தழும்புக்கு மேலே அதே மருதாணி, ஆனால் தோலில் ஒன்றுமே இல்லை.

மருதாணிக்கு எது யார் கை என்று தெரியாது. ஒவ்வாமை என்றால் தழும்புக்கு மேலேயும் சிவந்திருக்க வேண்டும், இடது கையிலும் சிவந்திருக்க வேண்டும். இடது கையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அசையாத அந்தத் தட்டு எனக்கு உறைத்தது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிருந்தால் அது அசைந்திருக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் சத்தம் போட முடியாது. சேலை மடிப்பு சரியில்லை, வா சரி பண்ணிவிடுகிறேன் என்று அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு.

"எந்த மருந்த நிறுத்தின?"

கட்டிலில் உட்கார்ந்தாள்.

"காலையில உள்ளத மட்டும்தான் மிஸ். ராத்திரி உள்ளத விடல."

"ஏன்டி?"

அப்போதுதான் தேங்காய் கதை வெளியே வந்தது. மறுநாள் தாரை வார்க்க வேண்டும். அப்பா மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துக் கொடுக்கும்போது, அம்மா செம்பிலிருந்து அதன்மேல் தண்ணீர் வார்ப்பாள். ஊரே பார்க்கும். எதேச்சையாக ஒருநாள் காலை மாத்திரையை மறந்ததில் நடுக்கம் குறைந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்ததும் பழையபடி சாப்பிடலாம் என்று கணக்கு.

"தேங்கா விழுந்துச்சு. தண்ணியும் சிந்துனா என் பிள்ளைய என்ன சொல்வாங்க மிஸ்? நாளைக்கு அதுக்கு ஒரு கஷ்டம்னா, அன்னைக்கே தெரியும்னு சொல்ல மாட்டாங்களா?"

எனக்குத் திட்டத் தோன்றியது, திட்டவில்லை. அவளுக்கு அது முட்டாள்தனம் இல்லை. பெற்ற மகளின் வாழ்க்கைக்குத் தன் கை ஒரு கெட்ட சகுனம் ஆகிவிடக் கூடாது என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை மருந்துச் சீட்டில் எங்கே எழுதுவது?

கையைப் படம் எடுத்து, ஆஸ்பத்திரியில் அவளைத் தொடர்ந்து பார்த்துவந்த டாக்டருக்கு அனுப்பினேன். மருந்து விட்ட விஷயத்தையும் சொன்னேன். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும், கூட்டத்துக்குள் அனுப்ப முடியாது. நாளை காலை கோயிலுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். சத்தியம் செய்ய மாட்டேன், விடமாட்டேன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவளிடம் அப்படியே சொன்னேன். முடியாது என்றாள். நாளைக் காலை முகூர்த்தம் முடிந்த கையோடு நேரே வந்து படுத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு ராத்திரிதானே என்றாள். ஒரு ராத்திரியில் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அதுதான் கொடுமை. கண்டிப்பாகக் கை போய்விடும் என்று தெரிந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இந்தச் சிவப்பு எப்போது தொடங்கியது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை, மருதாணிக்கு முன்பே லேசாக இருந்ததாம். எத்தனை நாளை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம் என்று தெரியாமல் இன்னும் ஒரு நாள் கடன் கேட்கிறாள்.

சேகரை உள்ளே கூப்பிட்டேன். தினமும் விடியும் முன்பே மோட்டாரில் காஸ்வே கடல்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மனுஷன், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். கை ஆபத்தில் இருக்கிறது என்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கெஞ்சினான்.

"நாளைக்குக் காலையில திரும்பிடலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். அப்பதான் கெளம்புவா. மத்தத அங்க போய்ப் பாத்துக்கலாம்லா."

சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பாள். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இந்தக் கையோடு அவள் சாகும்வரை எங்களிடம்தான் வர வேண்டும். இன்றைக்குப் பொய் சொல்லிக் கூட்டிப் போனால் நாளைக்கு நான் சொல்லும் எதை நம்புவாள்? முடியாது சேகர் என்றேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மிச்சம் ஒரே வழிதான். அந்த வீட்டில் கோமதி கேட்கக்கூடிய குரல் ஒன்றே ஒன்று. மகள் கூடத்தில் கன்னமெல்லாம் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தாள். கோமதியிடம் திரும்பி வந்து கேட்டேன்.

"நீ சொல்றியா, நா சொல்லவா?"

"அவகிட்ட மட்டும் வேணாம் மிஸ். உங்க கால்ல விழுறேன். எனக்காக அவ கல்யாணத்துல அழக் கூடாது."

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நோயாளி புத்தி தெளிவோடு இருக்கிறாள். தன் கை, தன் முடிவு. சொல்லாதே என்கிறாள். நம் படிப்பு என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும், பரீட்சையில் நானும் அதைத்தான் எழுதினேன். அறைக்கு வெளியே சமையல்காரர்கள் பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி தன்னை அறியாமல் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள், சொறிந்த இடமெல்லாம் இன்னும் சிவந்தது.

நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

தர்ஷினியைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவின் உடம்பு அந்தக் கையைத் தள்ளப் பார்க்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்குத் திரும்ப முடியாமல் போகலாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டாள். அதை உங்கம்மா சொன்னால் கேட்டுக்கொள் என்றேன். மாத்திரை, தேங்காய், அத்தை, எதையும் நான் திறக்கவில்லை. அந்த அளவுக்காவது நாக்கைப் பிடித்துவைத்தேன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன ஆறுதல்.

அந்தப் பெண் அழவில்லை. மஞ்சள் கையோடு அறைக்குள் போனாள்.

"நீங்க கெளம்புங்கம்மா. நீங்க கெளம்பலனா நாளைக்கு நா மணவறையில உக்கார மாட்டேன்."

"முகூர்த்தம் பாத்தாச்சு, பைத்தியம் மாதிரி பேசாத."

"சித்தி ஊத்தட்டும். கெளம்புங்க."

கோமதி எழுந்தாள். வளையலைக் கழற்றினாள். மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. பட்டுச் சேலையை மடித்து மகளின் பெட்டியிலேயே வைத்துவிட்டு, சாதாரண சட்டையோடு என் காரில் ஏறினாள். மாசாயிலிருந்து ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலை நிறையக் கார், சனிக்கிழமை நெரிசல். நான் ஏதேதோ பேசிப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோல் பரிசோதனையில் நிராகரிப்பு என்றே வந்தது. முதல் மருந்து அன்றைக்கே ஏறியது. மறுநாள் காலை நானும் வார்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து சேகரின் தம்பி போனில் வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். சேகர் மகளின் கையைப் பிடித்திருக்க, கோமதியின் தங்கை செம்பைத் தூக்கி ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் தண்ணீர் வார்த்தாள். கோமதி அதுவரை பார்த்தாள். பிறகு போனை மெத்தையில் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது. ஆனாலும் நின்றேன்.

கை தப்பியது. சும்மா தப்பவில்லை. அந்த மருந்தில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, வீக்கம் வடிந்த பிறகு விரல்கள் விறைத்து, தோசை பிய்த்த கை தம்ளர் பிடிக்கப் பழையபடி பழக வேண்டியிருந்தது. இனிமேல் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வருஷங்கள் கழித்துக்கூடக் கையை இழந்தவர்கள் உண்டு, அதையும் அவளிடம் மறைக்கவில்லை. நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் கடைசியில் அவளே வாய் திறந்தாள். அவர் மருந்தின் அளவையும் வகையையும் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து மாற்றினார். நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. முன்பே சொல்லியிருந்தால் முன்பே செய்திருப்பேனே என்றார் பாவம். அதைக் கேட்டுக் கோமதி தரையைப் பார்த்தாள். ஆகவே தங்கச்சிகளே, தம்பிகளே, ஒவ்வொரு முறையும் நீங்களாகவே கேளுங்கள். எந்த மாத்திரை பிடிக்கவில்லை, அது உன்னை என்ன செய்கிறது, வீட்டில் என்ன விசேஷம் வருகிறது. மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கும்.

தெரபிக்கு ஒழுங்காக வந்தாள். சொன்னதைச் செய்வாள், போவாள். என்னோடு பேச்சில்லை. வேறு தெரபிஸ்டிடம் மாற்றட்டுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. மாதக்கணக்காக இப்படி. எனக்கோ பேசாமல் இருந்தால் நாக்கு அழுகிவிடும்.

ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் அவள் களிமண் மாதிரியான அந்தப் பயிற்சி உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதாக உத்தேசம், திட்ட வேண்டுமென்றால் திட்டித் தொலை என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் மிஸ் சொன்னேன். எம் புருஷன்கிட்டகூட சொல்லல. சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். என் மக கல்யாணத்த போன்ல பாத்தேன். இது என் கை. வச்சுக்கிறதா, போகட்டும்னு விடுறதான்னு நாந்தானே சொல்லணும்? நீங்க யாரு?"

சொல்லிக்கொண்டே மேசையில் ஓங்கி அடித்தாள். மேசை மேல் இருந்ததெல்லாம் குதித்தது, உருண்டை தரையில் ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடித்தது வலது கை. அதுவரை அவள் திடுக்கிட்டாலும் கோபப்பட்டாலும் இடது கைதான் முன்னால் வரும், வலது கை மடியில் பத்திரமாகக் கிடக்கும், யாரோ நம்பிக் கொடுத்துவைத்த பொருள் மாதிரி. இத்தனை வருஷப் பயிற்சியில் நான் எவ்வளவோ சொல்லியும் அது தானாக எழுந்ததில்லை. கோபத்தில் யாரும் யோசித்துவிட்டுக் கை ஓங்குவதில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் குனிந்து உருண்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகியிருக்கும், மறுபடி அதே சனிக்கிழமை வந்தால் மறுபடி அதையேதான் செய்வேன்.

மெல்ல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இடது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"வலிக்குது மிஸ்."

"வலிக்கும்" என்றேன். "உன் கைதானே."